பஞ்சும் கற்பூரமும்: பழைய கேமரா விளம்பரப் பேட்ஜ்களின் வரலாறும் சேகரிப்பும்

கேமரா விளம்பரப் பேட்ஜ் என்பது ஒரு கேமராவையோ, படச்சுருளையோ, புகைப்படக் கடையையோ விளம்பரப்படுத்துவதற்காக அச்சிடப்பட்ட சிறிய வட்ட வில்லை ஆகும். சட்டையில் குத்திக்கொள்ள இதன் பின்புறம் ஊக்கு இருக்கும். அமெரிக்காவில் 1896ஆம் ஆண்டிலிருந்து ஏறத்தாழ 1920 வரை இவை பெருமளவில் செய்யப்பட்டன. கடைக்கு வருபவர்களுக்கும் கண்காட்சிக்கு வருபவர்களுக்கும் இலவசமாகக் கொடுக்கப்பட்டன. அங்கே இவற்றைப் பட்டன் என்று அழைப்பர். மாநாட்டிலும் பள்ளி விழாவிலும் சட்டையில் குத்திப் பழகிய நமக்கு இது பேட்ஜ்.

ஒரு ரூபாய் நாணயத்தின் அளவுள்ள இந்த வில்லையில் புகைப்பட வரலாற்றின் ஒரு முக்கியமான பகுதி அடங்கியிருக்கிறது. பேட்ஜின் மேல் பளபளக்கும் மெல்லிய ஏடும், அந்தக் காலத்துக் கேமராவுக்குள் ஓடிய படச்சுருளும் ஒரே பொருளால் ஆனவை. அந்தப் பொருளின் பெயர் செல்லுலாய்டு. சினிமாவுக்கு மறுபெயராகத் தமிழ்ப் பத்திரிகைகள் இன்றும் எழுதும் அதே செல்லுலாய்டுதான். அது பஞ்சையும் கற்பூரத்தையும் கொண்டு செய்யப்பட்டது. இந்த உண்மையைப் பிடித்துக்கொண்டால் பேட்ஜின் வரலாறு, அதன் வயதைக் கண்டறியும் முறை, அதைக் காப்பாற்றும் வழி ஆகிய மூன்றும் எளிதில் விளங்கும்.

பேட்ஜின் அமைப்பு

பழைய பேட்ஜ் ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் ஐந்து பகுதிகள் இருக்கும். முதலாவது, கிண்ணம்போல் சற்றுக் குவிந்த தகரத் தட்டு. இரண்டாவது, அதன் மேல் படமும் எழுத்தும் அச்சிட்ட வட்டத் தாள். மூன்றாவது, தாளை மூடும் ஒளி ஊடுருவும் செல்லுலாய்டு ஏடு. நான்காவது, இவை மூன்றின் ஓரங்களையும் பின்புறம் மடித்து இறுக்கிப் பிடிக்கும் உலோக வளையம். ஐந்தாவது, அந்த வளையத்துக்குள் செருகப்பட்ட கம்பி ஊக்கு. அச்சு இயந்திரத்தில் வைத்து ஒரே அழுத்தில் இவற்றைச் சேர்த்துவிடலாம். ஒட்டுவதற்குப் பசை வேண்டாம், பற்றவைப்பும் வேண்டாம். ஆகவே ஒரு நாளில் ஆயிரக்கணக்கில் செய்ய முடிந்தது, விலையும் மிகக் குறைவாக இருந்தது.

பின்புறக் குழிவில் பெரும்பாலும் ஒரு வட்டத் தாள் வைத்திருப்பார்கள். செய்த கம்பெனியின் பெயர், ஊர், காப்புரிமைத் தேதிகள் ஆகியவை அதில் அச்சாகியிருக்கும். சேகரிப்பவர்கள் முன்பக்கப் படத்தைப் பார்ப்பதற்கு முன்பே பேட்ஜைத் திருப்பிப் பார்ப்பது இந்தப் பின்தாளுக்காகத்தான்.

அளவுகளில் முக்கால் அங்குலத்திலிருந்து ஒன்றேகால் அங்குலம் வரையிலானவை மிகுதி. இதே முறையில் ஊக்குக்குப் பதிலாகக் கண்ணாடியைப் பொருத்தி, சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் விளம்பரக் கைக்கண்ணாடிகளும் செய்யப்பட்டன.

பஞ்சு, கற்பூரம், செல்லுலாய்டு

கீழ்பென்னாத்தூர் போன்ற ஊரில் பிறந்தவருக்குத் துணியும் கற்பூரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. கார்த்திகை மாதத்தில் திருவண்ணாமலை மலையுச்சியில் ஏற்றப்படும் தீபம், கொப்பரையில் காடாத் துணித் திரியும் நெய்யும் கற்பூரமும் சேர்ந்து எரிவதுதான். பருத்தியும் கற்பூரமும் அங்கே ஒளியாகின்றன. 19ஆம் நூற்றாண்டில் வேதியியல் இதே இரண்டு பொருள்களை வேறொரு வழியில் சேர்த்தது.

பஞ்சையோ மெல்லிய தாளையோ நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த கலவையில் ஊறவைத்தால் நைட்ரோ செல்லுலோஸ் கிடைக்கும். அது எளிதில் தீப்பிடிக்கும். தனியாக இருந்தால் நொறுங்கும், வளையாது. அதனுடன் கற்பூரத்தைச் சேர்த்து, வெப்பமும் அழுத்தமும் கொடுத்தால் வளையக்கூடிய, வார்க்கக்கூடிய, வேண்டிய நிறத்தில் செய்யக்கூடிய பொருளாக மாறுகிறது. இங்கிலாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் பார்க்ஸ் இத்தகைய பொருளை 1862ஆம் ஆண்டு லண்டன் கண்காட்சியில் காட்டினார். அமெரிக்காவின் ஜான் வெஸ்லி ஹயாட் அதைத் தொழிலாக வளர்த்தார். பில்லியர்ட்ஸ் பந்துகளை அப்போது யானைத் தந்தத்தில் செய்துவந்தனர். தந்தத்துக்கு மாற்றுப் பொருள் தேடியவர்களில் ஹயாட்டும் ஒருவர். 1870இல் அவர் காப்புரிமை பெற்றார். செல்லுலாய்டு என்ற பெயர் அவரது கம்பெனி வழியே பரவியது.

சீப்பு, கத்திப்பிடி, சட்டைக் காலர், பொம்மை எனப் பல பொருள்கள் செல்லுலாய்டில் வந்தன. இதற்கான கற்பூரத்தின் பெரும்பகுதி அன்று தைவான் தீவின் கற்பூர மரங்களிலிருந்து கிடைத்தது. அந்தத் தீவை ஆண்ட ஜப்பானிய அரசு 1899இல் கற்பூர வணிகத்தைத் தன் தனியுரிமையாக்கிக்கொண்டது. ஒரு மரத்திலிருந்து கிடைக்கும் பொருள் உலகச் சந்தையை எந்த அளவுக்கு ஆட்டிவைத்தது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

நியூவார்க்: ஒரே ஊரில் மூன்று தொழில்கள்

கேமரா பேட்ஜின் கதையில் நியூ ஜெர்சி மாநிலத்தின் நியூவார்க் நகரம் மூன்று முறை வருகிறது.

ஹயாட் தம் செல்லுலாய்டு தொழிற்சாலையை ஆல்பனி நகரிலிருந்து நியூவார்க்குக்கு மாற்றியது 1872–73 குளிர்காலத்தில். அதனால் அந்த ஊரில் செல்லுலாய்டு எளிதாகக் கிடைத்தது.

அதே ஊரில் ஹன்னிபால் குட்வின் என்ற கிறித்தவப் பாதிரியார் இருந்தார். புகைப்படம் எடுக்க அன்று கனமான, உடையும் கண்ணாடித் தகடுகளைத்தான் பயன்படுத்தினர். கண்ணாடிக்குப் பதிலாகச் சுருட்டி வைக்கக்கூடிய ஒளிபுகும் ஏடு ஒன்றைச் செய்ய முடியுமா என்று அவர் தம் வீட்டிலேயே சோதனைகள் செய்தார். 1887 மே 2 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அது கிடைக்க 11 ஆண்டுகளுக்கு மேல் ஆயின. 1898 செப்டம்பர் 13 அன்றுதான் காப்புரிமை வழங்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில், ராச்செஸ்டர் நகரில் ஜார்ஜ் ஈஸ்ட்மேனிடம் பணியாற்றிய வேதியியலாளர் ஹென்றி ரைகன்பாக் இதேபோன்ற ஏட்டை உருவாக்கி 1889இல் காப்புரிமையும் பெற்றுவிட்டார். ஈஸ்ட்மேன் கம்பெனியின் படச்சுருள் உலகமெங்கும் போனது. குட்வின் சொந்தமாகத் தொழிற்சாலை தொடங்க முயன்றுகொண்டிருந்தபோதே, 1900 டிசம்பர் 31 அன்று காலமானார்.

அவருடைய காப்புரிமையை வாங்கிய கம்பெனி ஈஸ்ட்மேன் கோடாக் மீது வழக்குத் தொடுத்தது. நீதிமன்றம் குட்வின் பக்கமே நியாயம் என்றது. 1914இல் கோடாக் 50 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. நியாயம் கிடைத்தபோது குட்வின் இறந்து 13 ஆண்டுகள் கடந்திருந்தன.

மூன்றாவதாக வருவது பேட்ஜ். பெஞ்சமின் வைட்ஹெட், செஸ்டர் ஹோக் ஆகிய இருவரும் 1892இல் நியூவார்க்கில் வைட்ஹெட் அண்டு ஹோக் என்ற கம்பெனியைத் தொடங்கினர். தாளின் மேல் செல்லுலாய்டு ஏட்டைப் போர்த்தி உலோகத்தில் இறுக்கும் முறைக்கான உரிமைகளைச் சேர்த்துக்கொண்டு, இத்தொழிலில் முதலிடத்துக்கு வந்தனர். பழைய பேட்ஜ்களின் பின்தாளில் 1894 ஜூலை 17, 1896 ஏப்ரல் 14, 1896 ஜூலை 21 என்று வரும் தேதிகள் அந்தக் காப்புரிமைகளைக் குறிப்பவை.

ஆக, செல்லுலாய்டைத் தொழிலாக்கியவர், அதைப் புகைப்படச் சுருளாக்க முயன்றவர், அதைப் பேட்ஜாக்கியவர்கள் ஆகிய மூவகையினரும் ஒரே ஊரில் வாழ்ந்தனர். மூலப்பொருள் கிடைக்கும் இடத்தைச் சுற்றியே புதுத் தொழில்கள் முளைக்கும் என்பதற்கு இது நல்ல சான்று.

1896: தேர்தலும் விளம்பரமும்

சட்டையில் உருவத்தைக் குத்திக்கொள்ளும் வழக்கம் அதற்கு முன்பும் உண்டு. 1860ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தலில் ஆபிரகாம் லிங்கனின் புகைப்படத்தைச் சிறிய இரும்புத் தகட்டில் பதித்து, பித்தளைச் சட்டமிட்டு அணிந்தனர். ஆனால் அது மலிவானதன்று. 1896 தேர்தலில் மெக்கின்லியும் பிரையனும் போட்டியிட்டபோது செல்லுலாய்டு பேட்ஜ்கள் வந்துவிட்டன. நாடெங்கும் இலட்சக்கணக்கில் அவை வழங்கப்பட்டன.

தேர்தலில் பயன்பட்டதை வணிகர்கள் உடனே பிடித்துக்கொண்டனர். சிகரெட்டுப் பெட்டியோடும் சூயிங்கத்தோடும் பேட்ஜ்கள் இலவசமாக வந்தன. மிதிவண்டிக் கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு பேட்ஜ் வெளியிட்டன. மிதிவண்டியில் ஊர் சுற்றக் கிளம்பிய இளைஞர்களையே கேமரா வணிகர்களும் குறிவைத்தனர். மடக்கி எடுத்துச் செல்லும் கேமராக்களுக்குச் சைக்கிள் என்ற சொல்லைப் பெயரிலேயே சேர்த்து விற்றவர்களும் உண்டு. மிதிவண்டி பேட்ஜும் கேமரா பேட்ஜும் ஒரே காலத்தில், ஒரே வகை வாங்குவோருக்காகப் பிறந்தவை.

பட்டனை அழுத்துங்கள்

1888இல் ஈஸ்ட்மேன் வெளியிட்ட முதல் கோடாக் கேமராவின் விலை 25 டாலர். 100 படங்களுக்கான சுருள் உள்ளேயே போடப்பட்டு வந்தது. எடுத்து முடித்ததும் கேமராவையே ராச்செஸ்டருக்கு அனுப்ப வேண்டும். 10 டாலர் கட்டணத்தில் படங்களைக் கழுவி, அச்சிட்டு, புதிய சுருளையும் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். நீங்கள் பட்டனை அழுத்துங்கள், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பது அந்தக் கம்பெனியின் விளம்பர வாசகம். அதுவரை இருட்டறையும் இரசாயனமும் தெரிந்தவர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்த புகைப்படக்கலை, அதோடு எல்லாருக்கும் பொதுவாயிற்று.

முதல் கோடாக் கேமரா எடுத்த படங்கள் சதுரமானவையோ நீள்சதுரமானவையோ அல்ல. அவை இரண்டரை அங்குல விட்டமுள்ள வட்டப் படங்கள். வட்டத்துக்குள் முகத்தைப் பார்க்க மக்கள் அப்போதே பழகத் தொடங்கியிருந்தனர் என்பதைப் பேட்ஜ் சேகரிப்பவர்கள் ஆர்வத்தோடு குறிப்பிடுவதுண்டு.

1900 பிப்ரவரியில் பிரவுனி கேமரா வந்தது. விலை ஒரே ஒரு டாலர். ஆறு படங்களுக்கான சுருள் 15 சென்ட். பால்மர் காக்ஸ் என்ற ஓவியர் வரைந்து குழந்தைகளிடையே புகழ்பெற்றிருந்த பிரவுனி என்னும் குட்டிப் பூதங்களின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. முதல் ஆண்டிலேயே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கேமராக்கள் விற்றன. வாங்குபவர்கள் சிறுவர் சிறுமியர் என்றால், விளம்பரமும் அவர்கள் விரும்பும் வடிவில் இருக்க வேண்டும். சட்டையில் குத்திக்கொண்டு பள்ளிக்குப் போகத்தக்க பேட்ஜைவிட மலிவான விளம்பரம் வேறு எது?

இக்காலப் பேட்ஜ்களில் அடிக்கடி காணப்படும் உருவங்கள் சில உண்டு. பெட்டி கேமரா, துருத்தி வைத்த மடக்குக் கேமரா, முக்காலி, கேமராவைக் கையில் பிடித்த பெண் ஆகியவை அவை. கேமராவோடு நிற்கும் இளம்பெண்ணின் படத்தைக் கோடாக் 1890களிலிருந்தே தன் விளம்பரங்களில் தொடர்ந்து பயன்படுத்தியது.

சிறிய கம்பெனிகளின் சாட்சி

கோடாக் என்ற ஒரே பெயர்தான் இன்று நம் நினைவில் இருக்கிறது. ஆனால் 1890களின் கேமராச் சந்தை அப்படி இல்லை. பிரீமோ, போகோ, சைக்ளோன், அட்லேக், வைவ், புல்ஸ் ஐ எனப் பல பெயர்களில் பல கம்பெனிகளின் கேமராக்கள் விற்பனையில் இருந்தன. ஈஸ்ட்மேன் இவற்றில் பலவற்றை ஒவ்வொன்றாக வாங்கினார். புல்ஸ் ஐ கேமராவைச் செய்த பாஸ்டன் கம்பெனியை 1895இலும், பிரீமோ கேமராவைச் செய்த ராச்செஸ்டர் ஆப்டிகல் கம்பெனியை 1903இலும் தன்னோடு இணைத்துக்கொண்டார். 1915இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று கோடாக்கின் வணிக முறை சட்டத்துக்குப் புறம்பான ஏகபோகம் என்று தீர்ப்பளித்தது.

பெரிய கம்பெனியின் விளம்பரங்கள் நூலகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் பத்திரமாக இருக்கின்றன. விழுங்கப்பட்ட கம்பெனிகளின் கணக்குப் புத்தகமும் கடிதங்களும் பல இடங்களில் போய்விட்டன. அவற்றின் பெயரையும், கேமராவின் உருவத்தையும், விற்ற ஊரையும் சொல்லும் சான்றாகச் சில நேரங்களில் எஞ்சுவது விலைப்பட்டியலும் பேட்ஜும்தான். அரிய பேட்ஜின் மதிப்பு இங்கேதான் இருக்கிறது. அழகுக்காக மட்டும் அல்லாமல், வேறெங்கும் பதிவாகாத செய்தியைத் தாங்கியிருப்பதால் அதைப் பாதுகாக்க வேண்டியிருக்கிறது.

அத்தகைய சிறிய கம்பெனிகளின் கண்டுபிடிப்புகள் நம் ஊர் வரைக்கும் வந்திருக்கின்றன. புல்ஸ் ஐ கேமராவின் சிறப்பு அதன் பின்பக்கத்தில் இருந்த சிறு சிவப்பு சன்னல். சுருளின் பின்னால் ஒட்டிய தாளில் எண்கள் அச்சாகியிருக்கும். சன்னலில் அடுத்த எண் தெரியும்வரை சாவியைத் திருகினால் போதும், அடுத்த படத்துக்குத் தயார். 1960, 70களில் நம் நாட்டில் வதோதராவின் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் செய்து விற்ற அக்ஃபா கிளிக் 3 கேமராவின் பின்புறத்திலும் இந்தச் சிவப்பு சன்னல் உண்டு. தாத்தா வீட்டுப் பரணில் அந்தக் கேமரா கிடைத்தால் திருப்பிப் பாருங்கள்.

பேட்ஜ் செய்யும் கேமரா

கேமராவை விளம்பரப்படுத்தப் பேட்ஜ் பயன்பட்டதைப் போல, பேட்ஜ் செய்வதற்கென்றே ஒரு கேமராவும் வந்தது. சிகாகோவின் ஃபெரோடைப் கம்பெனி 1910 வாக்கில் விற்ற ஒரு கருவி பார்ப்பதற்குப் பீரங்கியைப் போலவே இருக்கும். ஓர் அங்குல விட்டமுள்ள வட்ட இரும்புத் தகடுகளில் அது படம் எடுக்கும். சில நிமிடங்களில் கழுவி, பித்தளை விளிம்புக்குள் பொருத்தி, ஊக்கோடு கொடுத்துவிடலாம். சந்தைகளிலும் கடற்கரைகளிலும் சுற்றித் திரிந்த படக்காரர்கள் இதை வைத்துப் பிழைத்தனர். தம் முகத்தையே பேட்ஜாக அணிந்துகொள்ளும் மகிழ்ச்சி சில காசுகளுக்குக் கிடைத்தது. நம் திருவிழாக் கடைகளில் சாவிக்கொத்திலும் டாலரிலும் படம் போட்டுக் கொடுப்பவர்களின் முன்னோடிகள் இவர்கள் எனலாம்.

காலத்தைக் கணிப்பது எப்படி

ஒரு பேட்ஜ் எந்தக் காலத்தது என்பதைக் கீழ்க்காணும் குறிப்புகளால் ஓரளவு சொல்லலாம்.

முதலில் பின்தாள். கம்பெனியின் பெயரும் ஊரும் முக்கியம். வைட்ஹெட் அண்டு ஹோக் தவிர, ராச்செஸ்டரின் பாஸ்டியன் பிரதர்ஸ், சிகாகோவின் பாரிசியன் நாவல்டி, செயிண்ட் லூயி பட்டன் கம்பெனி போன்றவையும் பேட்ஜ் செய்தன. ஒன்றைக் கவனிக்க வேண்டும். பின்தாளில் உள்ள காப்புரிமைத் தேதி, பேட்ஜ் செய்த தேதி அன்று. 1896 என்று அச்சிட்ட பின்தாளைப் பல ஆண்டுகள் கழித்தும் பயன்படுத்தினர். பேட்ஜ் அந்தத் தேதிக்கு முந்தியதாக இருக்க முடியாது என்று மட்டுமே அதிலிருந்து சொல்லலாம்.

இரண்டாவது, படத்தில் உள்ள கேமரா. அந்த மாதிரி எந்த ஆண்டு விற்பனைக்கு வந்தது என்பதைப் பழைய விலைப்பட்டியல்களில் பார்க்கலாம். ஒன்று தொடக்க எல்லையையும், கம்பெனி கைமாறிய ஆண்டு முடிவு எல்லையையும் தரும்.

மூன்றாவது, செய்முறை. செல்லுலாய்டு ஏடு இல்லாமல் தகரத்தின் மேலேயே நேராக அச்சிட்ட பேட்ஜ் என்றால் அது பெரும்பாலும் முதல் உலகப் போர்க் காலத்துக்கோ அதற்குப் பிந்திய காலத்துக்கோ உரியது.

நான்காவது, மணம். பழைய செல்லுலாய்டை விரலால் மெல்லத் தேய்த்துச் சற்றே சூடேற்றி முகர்ந்தால் கற்பூர வாசனை லேசாக வரும். பிற்கால பிளாஸ்டிக்கில் அது வராது. நெருப்பில் காட்டிச் சோதிப்பது மட்டும் கூடவே கூடாது. செல்லுலாய்டு சட்டென்று பற்றிக்கொள்ளும்.

போலிகள் நிறைய உண்டு. பழைய படத்தை நகலெடுத்து இன்றைய பேட்ஜ் இயந்திரத்தில் செய்து, அழுக்கேற்றி விற்பார்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் எழுத்தின் ஓரம் மங்கலாகவோ புள்ளி புள்ளியாகவோ தெரியும். அச்சு பழுத்திருக்கும், ஊக்கு மட்டும் புத்தம் புதிதாக மின்னும். தேர்தல் பேட்ஜ்களின் நகல்கள் பெருகியதால் அமெரிக்கா 1973இல் ஒரு சட்டமே இயற்றியது. ஆனால் அது அரசியல் பேட்ஜ்களின் நகல்களுக்கும் நாணய நகல்களுக்கும் உரியது. விளம்பரப் பேட்ஜ் வாங்குபவர் தம் கண்ணைத்தான் நம்ப வேண்டும்.

பாதுகாக்கும் முறை

கற்பூர டப்பாவில் நம் வீடுகளில் நாலு மிளகு போட்டு வைப்பார்கள். திறந்து வைத்தால் கற்பூரம் காற்றில் கரைந்து காணாமல் போகும் என்பது எல்லாருக்கும் தெரியும். செல்லுலாய்டுக்குள் இருக்கும் கற்பூரத்துக்கும் இதுதான் நேர்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அது மெல்ல வெளியேறுகிறது. கற்பூரத்தை இழந்த ஏடு சுருங்கும், மஞ்சளாகும், வெடிக்கும். கூடவே நைட்ரோ செல்லுலோஸ் சிதையும்போது அமில ஆவி வெளியாகிறது. அது தகரத்தைத் துருப்பிடிக்க வைக்கும். பக்கத்தில் உள்ள மற்றப் பேட்ஜ்களையும் கெடுக்கும்.

ஈரம் இன்னொரு பகை. ஓரத்தின் வழியே நீர் இறங்கினால் உள்ளே இருக்கும் தாளில் பழுப்புக் கறைகள் தோன்றும். அவற்றைப் போக்க வழியில்லை. ஆகவே பழைய பேட்ஜை ஒருபோதும் தண்ணீரில் கழுவக் கூடாது. உலர்ந்த மென்துணியால் துடைத்தால் போதும்.

நம் கோடைக்கும் ஐப்பசி, கார்த்திகை மழைக்கும் ஏற்றபடி சில பழக்கங்களைக் கைக்கொள்ளலாம். வெயில் படும் சுவரில் மாட்டக் கூடாது. ஓட்டுக்கூரைக்குக் கீழே பரணில் வைக்கக் கூடாது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் அடைத்தால் அமில ஆவி உள்ளேயே தங்கிவிடும். அமிலமற்ற தாளில் தனித்தனியாகச் சுற்றி, அட்டைப் பெட்டியில், வீட்டின் குளிர்ச்சியான அறையில் வைக்கலாம். மழைக்காலத்தில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றை உடன் வைப்பது நல்லது. பழைய புகைப்படங்களும் நெகட்டிவ்களும் இருக்கும் பெட்டியில் செல்லுலாய்டு பேட்ஜைச் சேர்த்து வைக்கவே கூடாது.

தமிழ்நாட்டில் தேட வேண்டியவை

சென்னைக்குப் புகைப்படம் மிகவும் முன்னதாகவே வந்துவிட்டது. மெட்ராஸ் போட்டோகிராபிக் சொசைட்டி 1856இல் தொடங்கப்பட்டது. அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1857–58இல் மதுரை, தஞ்சாவூர் கோயில்களைப் படமெடுத்தார். ஆனால் சாதாரணக் குடும்பங்களுக்குப் புகைப்படம் என்பது ஸ்டுடியோ வழியாகவே அறிமுகமானது. கேமராவைச் சொந்தமாக வாங்குவது மிகப் பிற்காலத்தில்தான் நடந்தது. ஆகவே அமெரிக்கச் சிறுவரின் சட்டையில் குத்தப்பட்ட பேட்ஜ் செய்த வேலையை இங்கே ஸ்டுடியோவின் பொருள்கள் செய்தன.

படம் ஒட்டிய தடித்த அட்டையின் கீழே பொறித்த ஸ்டுடியோவின் பெயர், பின்புறத்து ரப்பர் முத்திரை, நெகட்டிவ் வைத்துக் கொடுத்த தாள் உறை, கடை வாசலில் தொங்கிய எனாமல் பலகை, படச்சுருள் வந்த மஞ்சள் அட்டைப்பெட்டி, சுருளின் சிறு டப்பா ஆகியவை நம் கேமரா விளம்பரப் பொருள்கள். நம் மாநிலத்திலேயே செய்த படச்சுருளும் உண்டு. உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்டு 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற அரசுத் தொழிற்சாலை, இந்து என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருள்களை விற்றது. தொழிற்சாலை இன்று இயங்கவில்லை. இந்துச் சுருளின் அட்டைப்பெட்டி ஒன்று கிடைத்தால் அது நூறாண்டுப் பழமையான அமெரிக்கப் பேட்ஜுக்கு எந்த வகையிலும் குறைந்ததன்று.

இவற்றைப் பாதுகாக்கும் முயற்சிகள் நடந்துள்ளன. தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோக்களில் எஞ்சிய படங்களைத் தேடி எண்மப்படுத்தும் திட்டத்தைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவுறும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு மேற்கொண்டது. புகைப்படக் கலைஞர் ஆதித்ய ஆர்யா சேர்த்த பழைய கேமராக்களைக் கொண்ட மியூசியோ கேமரா அருங்காட்சியகம் 2019இல் குருகிராமில் திறக்கப்பட்டது. மும்பையைச் சேர்ந்த திலீஷ் பாரேக் 4,425 கேமராக்களைச் சேர்த்து 2003இல் கின்னஸ் சாதனைப் பட்டியலில் இடம்பெற்றார். கேமராக்களுக்கு இத்தகைய கவனம் கிடைத்துவிட்டது. அவற்றோடு வந்த தாள், அட்டை, வில்லை ஆகியவற்றுக்கு இன்னும் கிடைக்க வேண்டியிருக்கிறது.

மாணவர்கள் தொடங்குவதற்கு

பழைய அமெரிக்கப் பேட்ஜ் ஒன்றை விலைகொடுத்து வரவழைப்பதைவிட, தம் ஊரிலேயே தேடத் தொடங்குவது மாணவர்களுக்கு எளிது. கீழ்பென்னாத்தூரிலோ செஞ்சியிலோ திருவண்ணாமலையிலோ, சுருள் படம் எடுத்த காலத்தைப் பார்த்த புகைப்படக்காரர்கள் இன்னும் இருப்பார்கள். அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: சுருளை எந்த ஊரிலிருந்து வாங்கினீர்கள்? எந்தக் கம்பெனியின் பலகை கடை வாசலில் இருந்தது? யார் கொடுத்தார்கள்? நெகட்டிவ் உறையை எங்கே அச்சடித்தீர்கள்? கடை எந்த ஆண்டு தொடங்கியது, எப்போது டிஜிட்டலுக்கு மாறியது?

பொருள் கிடைத்தால் அன்றே நான்கு செய்திகளைக் குறித்துவைக்க வேண்டும்: எங்கே கிடைத்தது, யாரிடமிருந்து, என்ன அளவு, பின்புறம் என்ன எழுதியிருக்கிறது. இரு பக்கங்களையும் அளவுகோல் வைத்துப் படமெடுத்துக்கொள்ள வேண்டும். இந்தக் குறிப்பு இல்லாத பொருள் அலமாரியை அலங்கரிக்குமே தவிர வரலாற்றுக்குச் சான்றாகாது.

வைட்ஹெட் அண்டு ஹோக் கம்பெனியின் முடிவையும் இங்கே சொல்லிவிடலாம். 1959இல் அதை வாங்கியது பாஸ்டியன் பிரதர்ஸ். அந்தக் கம்பெனி இருந்த ஊர் ராச்செஸ்டர், அதாவது கோடாக்கின் சொந்த ஊர். சில ஆண்டுகளில் நியூவார்க் தொழிற்சாலை மூடப்பட்டது. பாதிரியாரின் படச்சுருளை முந்திக்கொண்ட ஊருக்கே பேட்ஜ் தொழிலும் போய்ச் சேர்ந்தது. குட்வினின் பெயரை நீதிமன்ற ஆவணங்கள் காப்பாற்றின. சின்னக் கேமராக் கம்பெனிகள் சிலவற்றின் பெயரைப் பேட்ஜ்கள் காப்பாற்றின. நம் ஊர் ஸ்டுடியோக்களின் பெயரைக் காப்பாற்றும் அட்டைகளும் உறைகளும் இப்போது பழைய பேப்பர் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. கற்பூரம் கரைந்த பிறகு டப்பாவில் எதுவும் மிஞ்சுவதில்லை. அதற்கு முன் எடுத்து வைப்பதே சேகரிப்பவரின் வேலை.